கற்றாழை ஜெல்: மஞ்சள் பாலை நீக்கிப் பூசும் முறை

கற்றாழை பூசிய இடம் அரித்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது மஞ்சள் பாலைத்தான். பச்சைத் தோலுக்கும் உள்ளிருக்கும் சோற்றுக்கும் நடுவே ஓடும் இந்தக் கசப்புப் பாலில் அலோயின் என்ற பேதியாக்கும் பொருள் இருக்கிறது. இறுக்கினால் மூசாம்பரம் ஆகிற அதே பால், அதாவது பேதி மருந்து. முகத்தில் அதற்கு வேலையே இல்லை.

முதல் வேலை, பாலை வடிப்பது. வெளிவரிசையில் உள்ள முதிர்ந்த, தடித்த மடலை அடியோடு அறுத்து, வெட்டுவாய் கீழே இருக்கும்படி ஒரு டம்ளரில் 15 நிமிடம் நிறுத்துங்கள். இதைத் தவிர்த்தால் சீவும்போது பால் சோறெங்கும் பரவிவிடும்.

அடுத்து மடலைக் கழுவி, இருபக்க முள் விளிம்புகளையும் சீவுங்கள். தோலை எடுக்கும்போது கஞ்சத்தனம் வேண்டாம், 2 மி.மீ. சோறு தோலோடு போனால் போகட்டும். பால் ஓடும் குழாய்கள் தோலை ஒட்டியே இருக்கின்றன. கரண்டியால் தோலைச் சுரண்டிச் சேர்க்கும் கடைசிச் சோற்றோடு பாலும் வந்துவிடும். கட்டிகளை ஓடும் தண்ணீரில் 2, 3 முறை அலசுங்கள். மஞ்சள் ரேகை தெரிந்தால் அந்த ஓரத்தை வெட்டி எறிந்துவிட்டு, மீதியை மிக்ஸியில் 10 விநாடி அடித்தால் போதும். எலுமிச்சைச் சாறு சேர்க்காதீர்கள், அதன் புளிப்பே தோலை எரிக்கும்.

முகத்துக்கு முன் கை. முழங்கை உட்புறத்தில் நாணயம் அளவு இடத்தில் தினம் 2 முறை, 7 நாள் பூசுங்கள். ஒரே இரவு பார்த்துவிட்டு நம்பக்கூடாது. ஒவ்வாமைத் தடிப்பு 2, 3 நாள் கழித்துத் தலைகாட்டுவது சகஜம். வெங்காயம், பூண்டு ஒத்துக்கொள்ளாதவர்களுக்குக் கூடுதல் கவனம் தேவை.

பலன் என்ன? சோற்றில் ஏறக்குறைய 98 சதவீதம் தண்ணீர். மிச்சத்தில் உள்ள பாலிசாக்கரைடுகள் (சர்க்கரை மூலக்கூறுகள் கோத்த நீண்ட சங்கிலிகள்) மெல்லிய படலமாக நின்று ஈரத்தைப் பிடிக்கின்றன. லேசான வெயில் எரிச்சலுக்கு இதமாக இருக்கும். வறண்ட தோலில் காய்ந்ததும் இழுக்கும்; அப்போது மேலே ஒரு மாய்ஸ்சரைசர் தடவுங்கள். கரும்புள்ளி மறையும் என்று காத்திருக்க வேண்டாம். இது சன்ஸ்கிரீனுக்கு மாற்றும் ஆகாது. ஆழமான காயம், தையல் போட்ட இடம், கொப்புளித்த தீப்புண் ஆகியவற்றில் வீட்டு ஜெல்லை வைக்கவே கூடாது.

கெடாமல் காக்க இதில் எதுவும் சேர்க்கவில்லை. ஆகவே மூடிய கண்ணாடிப் புட்டியில், ஃபிரிட்ஜில், 3 நாள்தான் கணக்கு. விரலை விடாமல் சுத்தமான கரண்டியால் எடுங்கள். கூடுதலாக இருந்தால் ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வைக்கலாம். புளித்த வாடை வந்தால் கொட்டிவிடுங்கள்.