பதற்றத்துக்குச் சீன மூலிகையா? இதையெல்லாம் செய்யாதீர்கள்

"மூலிகைதானே, என்ன பண்ணிடப் போகுது?" முதல் தவறே இந்த நினைப்புதான். ஒன்றும் பண்ணாது என்றால் எதற்குக் காசு கொடுத்து வாங்குகிறோம்? சீன மருத்துவத்தில் ஹௌபோ எனப்படும் மக்னோலியா மரப்பட்டையில் ஹோனோகியால், மேக்னலால் என்று இரண்டு வேதிப்பொருட்கள் உண்டு. இவை போய் வேலை பார்ப்பது மூளையின் பரபரப்பை அடக்கும் காபா-ஏ ஏற்பிகளில், அதாவது பதற்றத்துக்கு டாக்டர் தரும் அல்பிரசோலம், குளோனசெபம் மாதிரி மாத்திரைகள் போய்ச் சேரும் அதே ஏற்பிகளில். அப்படியிருக்க, இரண்டையும் சேர்த்துப் போட்டுக்கொண்டு, போதாக்குறைக்கு மதுவும் குடித்தால் மந்தம் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. அதைவிட ஆபத்து, மூலிகை கிடைத்துவிட்டது என்று டாக்டர் கொடுத்த மாத்திரையைத் திடீரென நிறுத்துவது. மாதக்கணக்கில் அல்பிரசோலம் எடுத்தவர் ஒரே நாளில் விட்டால் வலிப்பே வரலாம்.

லேபிளை அப்படியே நம்பாதீர்கள். வலிக்கும் தூக்கத்துக்கும் விற்ற ஜின் பு ஹுவான் என்ற சீன மூலிகை மாத்திரையை 1993இல் அமெரிக்காவின் கொலராடோவில் மூன்று சின்னக் குழந்தைகள் எடுத்து விழுங்கிவிட, மூச்சும் இதயத்துடிப்பும் உயிருக்கே ஆபத்தாகும் அளவுக்குக் குறைந்துபோயின. மேலே அச்சிட்டிருந்தது ஒரு செடியின் பெயர். உள்ளே இருந்ததோ அந்தச் செடிக்குச் சம்பந்தமே இல்லாத டெட்ராஹைட்ரோபால்மட்டின் என்ற மயக்கம் தரும் வேதிப்பொருள், அதுவும் மாத்திரையின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். அதே மாத்திரையைச் சாப்பிட்ட பெரியவர்கள் சிலருக்குக் கல்லீரல் அழற்சியும் வந்தது.

பழைய சூத்திரம் என்பதாலேயே பத்திரம் என்றும் ஆகாது. மனதை அமைதிப்படுத்தும் ஜூஷா அன்ஷென் உருண்டையின் முதல் சரக்கே சின்னபார், அதாவது பாதரச சல்பைடு!

அப்புறம் இந்த ஆய்வுச் செய்திகள். 'ஸ்பினோசின் பதற்றத்தைக் குறைக்கிறது' என்று படித்தால், யாருக்குக் குறைத்தது என்று பாருங்கள். பெரும்பாலும் எலிக்கு, அதுவும் பிரித்தெடுத்த தூய பொருளைக் கொடுத்து. அந்த ஸ்பினோசின் இருப்பது சுவான்சாவ்ரென் என்ற புளிப்பு இலந்தையின் விதையில். கடையில் விற்கும் சிவப்புப் பேரீச்சை போன்ற சீன இலந்தைப் பழத்தை டீயில் போட்டுக் குடித்துவிட்டுப் பதற்றம் போகவில்லையே என்றால் எப்படிப் போகும்?

ரத்த அழுத்தம் உள்ளவர்கள் அதிமதுரத்தைக் கவனிக்க வேண்டும். சீனக் கூட்டுமருந்துகளில் பாதிக்குப் பாதி கான்சாவ் என்ற பெயரில் அது இருக்கும். அழுகை, மனக்குழப்பத்துக்குத் தரும் கான்மாய் தாசாவ் கஷாயத்தில் அதிமதுரம், கோதுமை, இலந்தைப் பழம் என மூன்றே சரக்கு. நீண்ட நாள் குடித்தால் பொட்டாசியம் இறங்கி, அழுத்தம் ஏறும். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தாங்குய் வேர் கலந்த எதையும் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது, ரத்தக்கசிவு கூடும்.

இன்னொன்று: படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை எல்லாம் தைராய்டு மிகையாகச் சுரந்தாலும் வரும். மூலிகைக் கடைக்குப் போவதற்கு முன் தைராய்டுக்கான டிஎஸ்எச் ரத்தப் பரிசோதனை ஒன்று எடுத்துவிடுங்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா, சரி, பாட்டிலையே கையோடு எடுத்துப்போய் டாக்டரிடம் காட்டுங்கள்.