புவெனஸ் ஐரிஸில் ஒரு செமஸ்டர்: படிப்போடு டாங்கோவும்

அர்ஜென்டினாவில் கல்வியாண்டு மார்ச்சில் தொடங்கும். முதல் செமஸ்டர் ஜூலை வாக்கில் முடியும். வாரத்துக்கு இரண்டு டாங்கோ நடன வகுப்பு, ஒரு பிராக்திகா என்று ஒதுக்கினால், அதற்குள் கூட்டத்தில் யாரையும் இடிக்காமல் ஆடுகிற அளவுக்கு வந்துவிடலாம். பிராக்திகா என்பது பயிற்சிக்காகவே கூடும் இடம். அங்கே ஆட்டத்தைப் பாதியில் நிறுத்தி, "இது ஏன் வரமாட்டேன் என்கிறது?" என்று ஜோடியிடம் கேட்கலாம். மிலோங்கா என்னும் நடன இரவில் அப்படிக் கேட்பது மரியாதை இல்லை.

ஜோடி தேட வேண்டாம், தனியாகவே போங்கள். குழு வகுப்பில் சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஆளை மாற்றிவிடுவார்கள். வழிநடத்துவதையும் பின்தொடர்வதையும் ஆண், பெண் யாரும் கற்கலாம். ஆனால் முதல் செமஸ்டரில் ஏதாவது ஒன்றோடு நில்லுங்கள்.

பலேர்மோவில் உள்ள லா விருதா போன்ற இடங்களில் மிலோங்காவுக்கு முன்பு வகுப்பு நடக்கும். இரவு மிலோங்கா பத்து, பதினொரு மணிக்கு மேல்தான் களைகட்டும், விடியும்வரைகூட ஓடும். மறுநாள் காலையில் வகுப்பு இருப்பவர்களுக்கு அது ஒத்துவராது. மாலையிலேயே தொடங்குபவையும் உண்டு. பெல்கிரானோ பகுதியின் பூங்கா மண்டபமான லா குளோரியேத்தாவில் திறந்தவெளியில் ஆடுவார்கள். எந்த நாளில் எங்கே என்பதை 'ஓய் மிலோங்கா' இணையப் பட்டியலில் பார்த்துக்கொள்ளலாம்.

முதல் மாதம் ஷூ வாங்காதீர்கள். தோல் அடிப்பாகம் உள்ள பழைய ஷூவே போதும். ரப்பர் அடி மட்டும் ஆகாது: அது தரையைப் பிடித்துக்கொள்ளும், உடம்பு திரும்பும், பாதம் திரும்பாது, காயம் முழங்காலுக்கு. ஹீல்ஸ் வாங்கும்போது 5 முதல் 7 செ.மீ. உயரத்தில் தொடங்கினால் போதும்.

இனி நடை. டாங்கோவில் பாதி வேலை இதுதான், ஆனால் எல்லாரும் அவசரமாகத் தாண்டிப்போவதும் இதைத்தான். விடுதி வராந்தாவில் சாக்ஸ் போட்டுக்கொண்டு, ஒரு பாட்டு முழுக்க, அதாவது ஏறக்குறைய மூன்று நிமிடம், முன்னோக்கி நடங்கள். அடுத்த பாட்டுக்குப் பின்னோக்கி. ஒவ்வொரு எட்டிலும் எடை முழுவதும் ஒரே காலுக்குப் போய்ச் சேர வேண்டும். அதைச் சோதிக்க, எட்டு வைத்ததும் அப்படியே நின்று, மறு காலை ஓர் அங்குலம் தூக்குங்கள். உடம்பு ஆடினால் எடை இரண்டு காலுக்கும் பங்காகிவிட்டது என்று பொருள். கால்கள் ஒன்றையொன்று கடக்கும்போது கணுக்கால்கள் உரசிக்கொண்டு போகட்டும். அகட்டி வைத்தால் இடுப்பு பக்கவாட்டில் அசையும், ஜோடிக்கு அது வேறு சைகையாகத் தெரியும்.

வழிநடத்துபவர் முதலில் மார்பை நகர்த்த வேண்டும். கால் அதன் பின்னால் வரும். கையால் தள்ளுவது பலரிடம் காணும் குறை. கீழே குனிந்து பாதத்தைப் பார்ப்பது இன்னொன்று. தலை முன்னால் சாய்ந்தால் எடையும் கூடவே சாய்ந்து, எதிரில் இருப்பவர் முதுகை வளைத்துத் தாங்க வேண்டிவரும். பின்தொடர்பவர் காலைப் பின்னால் நீட்டலாம், ஆனால் எதிராளியின் மார்பு வந்து சேரும்வரை எடையை மாற்றக் கூடாது. "அடுத்து இதுதான்" என்று ஊகித்து முந்திக்கொண்டால் அணைப்பில் இடைவெளி விழும். அதன்பின் எந்தச் சைகையும் போய்ச் சேராது.

நடை நிலைத்தபின் ஓச்சோ, அதாவது தரையில் 8 வடிவம் வரைவதுபோல் திரும்பித் திரும்பிக் கால் வைப்பது. சுவரில் இரண்டு உள்ளங்கையையும் வைத்து நின்று, மார்பைச் சுவர் பக்கமே வைத்துக்கொண்டு இடுப்பை மட்டும் வலமும் இடமும் திருப்பிப் பழகுங்கள். திரும்பும்போது குதிகாலைக் காகிதம் நுழையும் அளவுக்குத் தூக்கி, முன்பாதத்தில் மட்டும் நிற்க வேண்டும். முதலில் வட்டத்தில் நான்கில் ஒரு பங்கு திரும்பினால் போதும்.

8 எட்டுகள் கொண்ட அடிப்படை வரிசையையும் வகுப்பில் சொல்லித்தருவார்கள். ஐந்தாம் எட்டில் பின்தொடர்பவரின் இடக்கால் வலக்காலுக்கு முன்னால் குறுக்கே வரும், அதுதான் குரூசே. ஆனால் இந்த வரிசையின் முதல் எட்டில் வழிநடத்துபவர் பின்னால் போகிறார். மிலோங்காவில் எல்லாரும் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் வட்டமாக நகர்வார்கள், அதற்குப் பெயர் ரோண்டா. அங்கே பின்னால் வைத்தால் பின்னால் வருபவரின் காலை மிதிப்பீர்கள். இரண்டாவது எட்டிலிருந்து, பக்கவாட்டில் தொடங்குங்கள்.

இசையில், டாங்கோ இசைக்குழுத் தலைவர்களுள் கார்லோஸ் டி சார்லியின் பதிவுகள் நடைக்கு ஏற்றவை. தாளம் தெளிவாகக் கேட்க வேண்டுமென்றால் ஹுவான் டாரியென்சோ. நான்காக எண்ணினால் 1, 3 ஆகியவற்றில் கால் வையுங்கள். புக்லியேசேயின் பிற்காலப் பதிவுகளில் தாளம் இழுபடும், அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். வால்ஸ் வகைப் பாட்டு மூன்றாக ஓடும், முதல் தட்டில் மட்டும் எட்டு.

மிலோங்காவில் மூன்று நான்கு பாட்டுகள் சேர்ந்து ஒரு தாண்டா. இரண்டு தாண்டாக்களுக்கு இடையில் ஒலிக்கும் சிறு இசைத்துண்டு கோர்த்தினா. அது வந்ததும் எல்லாரும் இருக்கைக்குத் திரும்புவார்கள். ஆட அழைப்பது கண்ணால்: தொலைவிலிருந்தே பார்வையைச் சந்தித்து லேசாகத் தலையசைப்பார்கள், இதுதான் கபெசெயோ. விருப்பமில்லையென்றால் பார்வையை வேறு பக்கம் திருப்பினால் போதும், யாருக்கும் சங்கடம் இல்லை. அழைத்தவர் நேர் எதிரே வந்து நிற்கும்வரை எழாதீர்கள், தலையசைப்பு பின் இருக்கைக்காரருக்காகவும் இருக்கலாம். மங்கலான வெளிச்சம், கிட்டப்பார்வை உள்ளவர்கள் அழகு பார்த்துக் கண்ணாடியைக் கழற்றி வைத்தால் அன்றிரவு உட்கார்ந்தேதான் இருக்க வேண்டும்.

வட்டத்துக்குள் நுழையும்போது எதிரே வரும் வழிநடத்துபவரின் கண்ணைப் பார்த்து இடம் கேளுங்கள். முன்னால் உள்ள ஜோடியை முந்தாதீர்கள், காலை உயர்த்தி வீசாதீர்கள், பாட்டு ஓடும்போது பேசாதீர்கள். "கிராசியாஸ்" என்பதைத் தாண்டா முடிந்தபின் மட்டும் சொல்லுங்கள். நடுவில் சொன்னால் உங்களோடு ஆடியது போதும் என்று எடுத்துக்கொண்டு ஜோடி விலகிவிடுவார்.