படகு புறப்படும் நேரத்தை மனிதர் பேசும் மொழியில் காட்டுதல்

பாம்பனிலோ மண்டபத்திலோ உள்ள மீனவர் ஒருவருக்குக் கைபேசிச் செயலி எழுதும்போது, "2025-06-20டி22:30இசட்" என்று சேமித்த நேரத்தை அப்படியே திரையில் காட்டக் கூடாது. கடைசியில் உள்ள 'இசட்' காட்டுவதுபோல், அது உலகப் பொது நேரம் (யூடிசி). இந்திய நேரம் அதைவிட 5 மணி 30 நிமிடம் முந்தியது என்பதால், வெள்ளி இரவாகத் தெரியும் அந்த நேரம் உண்மையில் சனிக்கிழமை அதிகாலை 4 மணி. நாளே மாறிவிடும் இந்தப் பிழை, கடலுக்குப் போகிறவருக்குச் சிறிய பிழையன்று.

ஆகவே சேமிப்பது பொது நேரமாகவே இருக்கட்டும். காட்டும்போது மட்டும், ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழியில் தேதியையும் நேரத்தையும் எழுதித் தரும் 'இன்டல்.டேட்டைம்ஃபார்மட்' கருவிக்குத் தமிழ் மொழிக்குறியையும் இந்திய நேரத்துக்குரிய 'ஏசியா/கொல்கத்தா' என்ற நேர மண்டலத்தையும் கொடுங்கள்.

'இன்று', 'நாளை' ஆகிய சொற்களுக்கு 'இன்டல்.ரிலேட்டிவ்டைம்ஃபார்மட்' என்ற கருவி உண்டு, எண்ணுக்குப் பதில் அச்சொற்கள் வர அதில் 'நியூமெரிக்' தேர்வை 'ஆட்டோ' என வைக்க வேண்டும். ஆனால் எத்தனை நாள் என்பதை நீங்களே கணக்கிட்டுத் தர வேண்டும், இங்கேதான் பலர் தவறுகிறார்கள். இரவு 11 மணிக்குப் பார்க்கிறவருக்கு அதிகாலை 4 மணி ஐந்து மணி நேரத் தொலைவுதான். அதை 24ஆல் வகுத்து முழு எண்ணை எடுத்தால் பூஜ்யம் வரும், திரை 'இன்று' என்று பொய் சொல்லும். இரண்டு நேரங்களையும் முதலில் இந்திய நாட்காட்டித் தேதிகளாக்கி, பிறகு அத்தேதிகளைக் கழியுங்கள்.

ஒரு வாரத்துக்கு அப்பாற்பட்டவற்றுக்கு முழுத் தேதியே நல்லது. கிழக்குக் கடற்கரையின் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். அதற்கு 'இன்னும் 2 மாதம்' என்பதைவிட '2025 ஜூன் 14, சனி வரை' என்பதுபோல் முழுத் தேதியையே நான் எழுதுவேன்.