முதல்முறை நேரில் பார்க்கப் போகும் முன்

தன்பால் ஈர்ப்புள்ளவர்களுக்கான டேட்டிங் ஆப்பில் பேசிப் பழகியவரை முதல்முறை பார்க்கப் போகிறீர்களா? முந்தின நாளே இரண்டு நிமிஷம் வீடியோ காலில் முகம் பார்த்துவிடுங்கள். "கேமரா ரிப்பேர்" என்று தட்டிக்கழித்தால் போகவே வேண்டாம். முதல் நாளே யாருடைய ரூமுக்கும் போகாமல், பெசன்ட் நகர் பீச்சில் சாயங்காலம் ஆறு மணிக்கு, கடை வெளிச்சம் விழுகிற பக்கமாக உட்கார்ந்து பேசுங்கள். நான் கிளம்பும்போதே நண்பனுக்கு வாட்ஸ்அப்பில் லைவ் லொகேஷன் போட்டுவிடுவேன். எட்டு மணிக்கு அவன் போன் அடிப்பான். அந்த ஒரு போன் எவ்வளவு தைரியம் தரும் தெரியுமா!

"உன் வீட்டில் சொல்லிடுவேன்" என்று யாராவது மிரட்டிப் பணம் கேட்டால் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். கொடுத்தால் மறுபடியும் கேட்பார்கள். சாட் மெசேஜ்களை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். ஏற்கெனவே பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். ஒரே பாலினத்தவராக இருந்தாலும், வயது வந்த இருவர் சம்மதத்தோடு உறவு கொள்வது குற்றமில்லை என்று 2018 செப்டம்பர் 6 அன்றே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மிரட்டிப் பணம் பறிப்பதுதான் குற்றம்.

காதல் அப்புறம், முதலில் மனசு விட்டுப் பேச ஆள் வேண்டும் என்பவர்கள் ஜூன் மாதம் சென்னையில் நம்மைப் போன்றவர்கள் ஒன்றுகூடி நடத்தும் வானவில் பேரணிக்கு வாருங்கள். தனியாக வந்தாலும் பரவாயில்லை. முதல் வருஷம் நானும் தனியாகத்தான் வந்தேன்.