கார்புரேட்டரில் கைவைக்கும் முன்: பழைய மசில் கார்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிக்னலில் நிற்கும்போது கார் குலுங்குகிறது. பச்சை விழுந்ததும் ஆக்சிலரேட்டரை மிதித்தால், ஒரு கணம் மூச்சுத் திணறிவிட்டுப் பிறகுதான் பாய்கிறது. பெரிய இன்ஜின் பூட்டிய அறுபதுகளின் அமெரிக்க மசில் கார்களான ஷெவல், கமாரோ, மஸ்டாங் என எதை வைத்திருப்பவரும் இந்த அறிகுறிகளைக் கண்டவுடன் ஸ்க்ரூடிரைவரோடு நேரே, பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குத் தரும் கார்புரேட்டரிடம்தான் போகிறார். பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்ற கதை அங்கேயே தொடங்கிவிடுகிறது.

முதலில் பார்க்க வேண்டியது தீப்பொறியை. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தீப்பொறியைப் பங்கிடும் அந்தக் கால டிஸ்ட்ரிபியூட்டரில், காண்டாக்ட் பாயிண்ட் என்ற மின்தொடுப்பைத் தள்ளித் திறக்கும் சிறிய கட்டை நாளடைவில் தேயும். அது தேயத் தேய இடைவெளி குறையும், டைமிங், அதாவது தீப்பொறி விழும் நேரம், பின்தங்கும். பின்தங்கிய டைமிங்கில் ஐடிலிங் வேகம், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் ஓடும் வேகம், இறங்கும். உரிமையாளர் என்ன செய்கிறார்? ஐடில் திருகை இரண்டு சுற்று முறுக்கி வேகத்தை ஏற்றிவிடுகிறார். இன்ஜின் அணையாமல் ஓடுகிறது, பிரச்சினை தீர்ந்தது என்று நினைக்கிறார். உண்மையான தொல்லை இனிமேல்தான்.

இந்தக் கார்களில் பரவலான, ஹாலி கம்பெனியின் நான்கு குழல் கார்புரேட்டரைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள். ஆக்சிலரேட்டரை மிதித்தால் திறக்கும் த்ராட்டில் தகட்டின் விளிம்பை ஒட்டி, குழலின் சுவரில் ஒரு மெல்லிய நெட்டுப் பிளவு தெரியும். ஐடிலிங்கிலிருந்து மெயின் ஜெட் (ஓட்டத்தில் பெட்ரோலை அளந்துவிடும் முதன்மைத் துளை) வேலையை ஏற்றுக்கொள்ளும் வரை இடைவெளியை நிரப்பும் பெட்ரோல் இந்தப் பிளவின் வழியாகத்தான் வருகிறது. ஐடிலிங் நிலையில் தகட்டுக்குக் கீழே இந்தப் பிளவு ஒரு குட்டிச் சதுரமாக மட்டும் தெரிய வேண்டும்; உயரம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். ஐடில் திருகை முறுக்கி ஏற்றியவரின் காரில் அது நீண்ட செவ்வகமாகத் திறந்து கிடக்கும். பெட்ரோல் அந்த வழியாகவே தாராளமாக இறங்குவதால், ஐடிலிங்கில் பெட்ரோல் அளவைச் சரிசெய்யும் கலவைத் திருகுகளை எவ்வளவு திருப்பினாலும் இன்ஜினில் மாற்றமே தெரியாது. அதோடு ஆக்சிலரேட்டரை மிதிக்கும் முதல் கணத்துக்காகச் சேமித்து வைத்த பெட்ரோல் ஏற்கெனவே செலவாகிவிட்டதால் திணறலும் வரும். சிக்னலில் கண்ட இரண்டு நோய்க்கும் வேர் டிஸ்ட்ரிபியூட்டரில் இருந்திருக்கிறது!

எனவே தீப்பொறி விழும் நேரத்தைக் காட்டும் டைமிங் விளக்கு இல்லாமல் டியூனிங்கைத் தொடங்கவே கூடாது என்பேன். ஷெவ்ரோலே ஸ்மால் பிளாக் இன்ஜின்களில் பெரும்பாலானவை, டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் வேக்குவம் (இன்ஜின் உறிஞ்சும் வெற்றிட) குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, சுற்று ஏறிய நிலையில் பார்த்தால், பிஸ்டன் உச்சியை எட்டுவதற்கு மொத்தம் 34 முதல் 36 டிகிரி முன்னதாகத் தீப்பொறி விழும்போது நன்றாக ஓடும். அதைச் சரிசெய்த பின் ஐடில் திருகை இறக்கி, அந்தச் சதுரத்தை மீட்டெடுங்கள். கலவைத் திருகுகளை மெதுவாக உள்ளே முட்டவிட்டு, ஒன்றரைச் சுற்று வெளியே எடுங்கள். இறுக்கிப் பூட்டினால் ஊசிமுனையில் வளையமாகத் தழும்பு விழுந்துவிடும்; பிறகு அந்தத் திருகு எதற்கும் உதவாது. அந்த வெற்றிடத்தை அளக்கும் வேக்குவம் மீட்டரில் முள் எங்கே மிக உயர்ந்து, நடுங்காமல் நிற்கிறதோ அதுவே சரியான இடம்.

வேக்குவம் மீட்டர் விலை குறைந்த கருவி. ஆனாலும் பலர் அதை வாங்காமல் காற்றுக் கசிவைத் தேடக் கிளீனர் ஸ்ப்ரேயை இன்ஜின்மேல் அடிக்கிறார்கள். சூடான எக்ஸாஸ்ட் குழாய்க்குப் பக்கத்தில் இது தீயோடு விளையாடுவது. பிரேக் பூஸ்டர் குழாய், இன்ஜினுக்குள் சேரும் புகையை உறிஞ்சும் பி.சி.வி. வால்வுக் குழாய் என்று ஒவ்வொன்றாகக் கிள்ளிப் பிடித்து முள்ளைக் கவனித்தாலே பெரும்பாலான கசிவுகள் அகப்படும். கார்புரேட்டருக்கு அடியில் உள்ள கேஸ்கட்டையும் மறக்க வேண்டாம். அங்கே கசிகிறதே என்று நட்டுகளை வெறியோடு முறுக்குவது இன்னொரு தவறு. அடித்தகடு வளைந்து, த்ராட்டில் பிடித்துக்கொள்ளும், கசிவும் கூடும். குறுக்கு வரிசையில், கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும்.

அடுத்தது, பெரிய கார்புரேட்டர் மோகம். நிமிடத்துக்கு 850 கன அடி காற்றை விடும் ஒன்றை வாங்கி 350 கன அங்குல இன்ஜினில் பொருத்துகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 350-ஐ நிமிடத்துக்கு 6000 சுற்றால் பெருக்கி 3456-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 608. (ஒரு கன அடி 1728 கன அங்குலம், நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் தன் கொள்ளளவை நிரப்புகிறது. 3456 அங்கிருந்து வருகிறது.) தெருவில் ஓடும் இன்ஜின் சுமார் 85 விழுக்காடுதான் நிரம்பும் என்று வைத்தால் தேவை 516. ஆக, 600 தாராளம். குழல் பெரிதானால் அதில் காற்றின் வேகம் குறையும். வேகம் குறைந்தால் பெட்ரோலை உறிஞ்சித் தூளாக்கும் விசையும் குறையும். கமாரோ இசட்/28-இன் 302 இன்ஜினுக்குக் கம்பெனியே 780 போட்டதே என்று வாதிடுவார்கள். அது டிரான்ஸ்-ஆம் என்ற அமெரிக்கக் கார் பந்தயத்தின் 305 கன அங்குல வரம்புக்காகப் பிறந்த, உச்சச் சுற்றில் உயிர்பெறும் இன்ஜின். ஆட்டோமேட்டிக் கியரோடு கடைவீதிக்குப் போய்வரும் காருக்கு அது எடுத்துக்காட்டு ஆகாது.

திணறலுக்கு மெயின் ஜெட்டை மாற்றுவதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. மிதித்த முதல் கணத்தில் மெயின் ஜெட்டுக்கு வேலையே இல்லை. அது, மிதித்தவுடன் பெட்ரோலைப் பீய்ச்சும் ஆக்சிலரேட்டர் பம்ப்பின் பொறுப்பு. இன்ஜினை அணைத்துவிட்டு ஏர் ஃபில்டரைக் கழற்றி, குழலுக்குள் பார்த்தபடி த்ராட்டிலை ஒரு நூலளவு திறங்கள். அந்த அசைவிலேயே இரண்டு முனைகளிலிருந்தும் பெட்ரோல் நேரான கோடாகப் பீய்ச்ச வேண்டும். தாமதித்தாலோ சொட்டினாலோ பம்ப் நெம்புகோலில் ஆட்டம் இருக்கிறது, அல்லது பம்ப்பின் ரப்பர்த் தகடான டயஃப்ரம் விறைத்துவிட்டது. த்ராட்டில் முழுதும் திறந்த நிலையில் நெம்புகோலை மேலும் 0.015 அங்குலம் அழுத்த இடம் இருக்க வேண்டும். அதுவும் இல்லாவிட்டால் டயஃப்ரம் கிழியும்.

கிண்ணத்தில் பெட்ரோல் எவ்வளவு நிற்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் மிதவை மட்டத்தைக் கண்ணால் பார்க்காமல் ஊகித்துத் திருப்புவதும் வழக்கமாகிவிட்டது. பழைய ஹாலியில் மிதவைக் கிண்ணத்தின் பக்கவாட்டில் ஒரு சிறிய பித்தளைத் திருகு இருக்கும். காரைச் சமதரையில் நிறுத்தி, கீழே துணி வைத்து, ஐடிலிங்கில் ஓடவிட்டு அதைக் கழற்றுங்கள். பெட்ரோல் துளையின் கீழ்விளிம்பில் தளும்பி நிற்க வேண்டும். காரை லேசாக ஆட்டினால் ஒரு துளி எட்டிப் பார்க்கும். கொட்டுகிறது என்றால் மட்டம் உயர்ந்திருக்கிறது. எத்தனை முறை இறக்கியும் மட்டம் ஏறிக்கொண்டே இருந்தால் பெட்ரோல் அழுத்தத்தை அளந்து பாருங்கள். ஹாலிக்கு 5 முதல் 7 பி.எஸ்.ஐ. போதும். இதைவிட அதிகமாகத் தள்ளும் மின்பம்ப்பின் முன், கிண்ணத்துக்குள் பெட்ரோல் வருவதை அடைக்கும் ஊசிவால்வு தோற்றுப்போகும்.

சுமை ஏறி வேக்குவம் இறங்கும்போது திறந்து கூடுதல் பெட்ரோல் தரும் பவர் வால்வு கிழிந்துவிட்டது என்பது சோதிக்காமலே சொல்லப்படும் தீர்ப்பு. ஐடிலிங்கில் கலவைத் திருகுகளை முழுதும் உள்ளே விடுங்கள். இன்ஜின் அணைந்தால் வால்வு பெரும்பாலும் நலமாகவே இருக்கிறது. அணையாமல் ஓடினால் அது கிழிந்திருக்கலாம்; அல்லது முன்னே சொன்ன பிளவு திறந்து கிடக்கலாம். வால்வில் பொறித்த 65 என்ற எண், 6.5 அங்குல (பாதரச அளவு) வேக்குவத்தில் அது திறக்கும் என்பதைக் குறிக்கிறது. இன்ஜின் வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட்டைப் பந்தய வகையாக மாற்றி ஐடிலிங் வேக்குவமே அந்த அளவுக்கு இறங்கிவிட்டால் வால்வு எப்போதும் திறந்தே இருக்கும்.

அமெரிக்க பெட்ரோலில் இப்போது பெரும்பாலும் 10 விழுக்காடு எத்தனால் கலந்திருக்கிறது. பழைய ரப்பர் குழாய்கள் அதைத் தாங்கா. எத்தனாலைத் தாங்கும் குழாய்களைப் போட்டே தீர வேண்டும். சூடான இன்ஜினை அணைத்தபின் கிண்ணத்து பெட்ரோல் கொதித்து வழிவதை மிதவைக் கோளாறு என்று நினைத்துக் கார்புரேட்டரைப் பிரித்துப் போடுகிறார்கள். அடியில் வெப்பம் கடத்தாத தடித்த ஸ்பேசர் வைத்தால் பெருமளவு அடங்கும்.

கடைசித் தவறு உயிருக்கே ஆபத்தானது. வாரக்கணக்கில் நின்ற காரில் கிண்ணம் வற்றியிருக்கும். ஒருவர் கோப்பையிலிருந்து குழலுக்குள் பெட்ரோல் ஊற்ற, இன்னொருவர் ஸ்டார்ட்டரை இயக்குவார். இன்ஜின் ஒருமுறை திருப்பி உமிழ்ந்தால் சுவாலை நேராக ஊற்றுபவரின் கைக்கும் முகத்துக்கும் வரும். இன்ஜின் நின்றிருக்கும்போதே, மூக்கு நீண்ட சிறு பாட்டிலால் கிண்ணத்தின் மேல்புறக் காற்றுக்குழாய் வழியாக பெட்ரோலை நிரப்புங்கள். பாட்டிலை மூடித் தள்ளி வைத்து, ஏர் ஃபில்டரைப் பொருத்தி, தீயணைப்பானைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்த பிறகு சாவியைத் திருப்புங்கள்.