பாலியல் வன்முறையிலிருந்து மீண்டவரின் தன்வரலாறு: வாசகர் வட்டத்தில் பேசுவது எப்படி

இந்த வகைப் புத்தகத்தைக் கூட்டத்துக்கு எடுக்கும்போது முதலில் ஒன்றை மனதில் இருத்திக்கொள்ள வேண்டும். அறையில் இருப்பவர்களில் ஒருவருக்காவது இது நடந்திருக்கும் என்று வைத்துக்கொண்டே எல்லா ஏற்பாட்டையும் செய்யுங்கள். யார் என்று தெரிய வேண்டியதில்லை. ஆனால் எழுதியவரைப் பற்றிச் சொல்லும் ஒவ்வொரு வார்த்தையையும் அவர் தன்னைப் பற்றியதாகவே கேட்பார். “அந்த நேரத்துல அங்க ஏன் போகணும்?” என்று ஒருவர் கேட்டால் அது எழுத்தாளர் காதுக்குப் போகப்போவதில்லை. மூன்றாவது நாற்காலியில் இருப்பவர் காதுக்குப் போய்விடும்.

கூட்டத்துக்கு முன்

அறிவிப்பு இரண்டு வாரம் முன்பே போக வேண்டும். “மனதைப் பாதிக்கும் பகுதிகள் உள்ளன” என்று பொதுவாக எழுதினால் யாருக்கும் உதவாது. தாக்குதல் எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் வரை, மருத்துவப் பரிசோதனை எங்கே வருகிறது, குறுக்கு விசாரணை எங்கே என்று பக்க எண்ணோடு சொல்லுங்கள். அந்தப் பக்கங்களைத் தாண்டிப் போனவரும் வரலாம், பேசலாம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். முழுக்கப் படிக்காதவருக்குப் பேச உரிமையில்லை என்ற நம்மூர் இலக்கியக் கறார் இந்த ஒரு கூட்டத்துக்குப் பொருந்தாது.

ஆள் 8 முதல் 12 வரை. 15-ஐத் தாண்டினால் இரண்டு கூட்டமாகப் பிரித்துவிடுவது நல்லது. நேரம் 90 நிமிடம், நடுவில் 10 நிமிடம் தேநீர். நடத்த இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பேச்சை நகர்த்துவார். மற்றவர் வாசலை ஒட்டி உட்கார்ந்து முகங்களைக் கவனித்துக்கொண்டிருப்பார். அவர் பேசாவிட்டாலும் குறையில்லை. யாராவது எழுந்து வெளியே போனால் ஒரு நிமிடம் கழித்துப் பின்னால் போய், “தண்ணி வேணுமா? கூட இருக்கட்டுமா, இல்ல தனியா விடட்டுமா?” என்று கேட்டால் போதும். உடனே இருவர் மூவராக ஓடினால் அவரைக் காட்டிக்கொடுத்ததாக ஆகிவிடும்.

நாற்காலிகளை, யார் காலையும் தாண்டாமல் வெளியேறும்படி போடுங்கள். கதவு சாத்தியிருக்கட்டும், தாழ்ப்பாள் வேண்டாம். வரிசையாக எல்லோரும் கட்டாயம் பேச வேண்டும் என்ற விதி கூடாது. ஒலிப்பதிவு இல்லை, நேரலை இல்லை. கூட்டம் முடிந்ததும் பேனர் முன்னால் நின்று படம் எடுத்து முகநூலில் போடும் வழக்கத்தையும் அன்றைக்கு விட்டுவிடுங்கள். வந்திருந்ததே ஒரு செய்தியாகிவிடக்கூடிய கூட்டம் இது.

தாக்குதல் பகுதியை யாரும் உரக்க வாசிக்கக் கூடாது. பக்க எண் சொன்னால் வேண்டியவர் பார்த்துக்கொள்வார்.

எந்தச் சொல்

கூட்டம் கெடுவது பெரும்பாலும் சொல்லில் தொடங்கும். “கற்பழிப்பு” இன்றும் பலர் வாயில் வருகிறது. கெட்ட எண்ணம் இல்லை, பழக்கம். ஆனால் அந்தச் சொல்லின்படி அழிந்தது பெண்ணிடம் இருந்த ஏதோ ஒன்று. செய்தவனின் குற்றம் அதில் காணாமல் போகிறது. பாலியல் வல்லுறவு, பாலியல் வன்கொடுமை என்ற சொற்கள் நடந்த செயலைச் சொல்கின்றன. “சீரழிக்கப்பட்டார்”, “மானம் பறிபோனது”, “வாழ்க்கையே நாசம்” என்பவையும் இதே கணக்குதான். கடைசியாகச் சொன்னது அனுதாபத்தோடு வருவதால் இன்னும் கூர்மையாகக் குத்தும்: மூன்றாவது நாற்காலிக்காரரின் வாழ்க்கை முடிந்துவிட்டது என்று அவரிடமே சொல்கிறீர்கள்.

“பாதிக்கப்பட்டவர்” என்பதா “மீண்டவர்” என்பதா என்று வாதம் வரும். எழுதியவர் தன்னை எப்படி அழைத்துக்கொள்கிறாரோ அதையே பின்பற்றுங்கள். அவர் இரண்டையும் வேண்டாம் என்றிருந்தால் பெயர் போதும். யாராவது சொல் தவறினால், நடத்துபவர் தன் அடுத்த வாக்கியத்தில் சரியான சொல்லைப் போட்டுப் பேசிவிட்டு நகரட்டும். சபையில் திருத்தினால் அடுத்த கால் மணி நேரம் அதற்கே போய்விடும்.

எதைக் கேட்கலாம்

புத்தகத்தை எவ்வளவு வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம். நடை தொய்கிறதா, நீதிமன்ற அத்தியாயம் தேவைக்கு மேல் நீள்கிறதா, அம்மா பாத்திரம் ஏன் பாதியில் மறைகிறது, மொழிபெயர்ப்பு எங்கே இடறுகிறது, எல்லாம் கேட்கலாம். மதிப்புக்குரிய விஷயம் என்பதற்காகச் சுமாரான புத்தகத்தைப் பாராட்டத் தேவையில்லை. அன்றைக்கு அவர் என்ன செய்தார், செய்யவில்லை என்பது மட்டும் விமர்சனத்துக்கு உரியதல்ல.

அப்படியும் இரண்டு கேள்விகள் வந்தே தீரும். “ஏன் கத்தல?” என்பது ஒன்று. கடும் அச்சத்தில் உடல் அசையாமல் உறைந்துபோவதும் குரல் எழும்பாததும் தன்னிச்சையாக நடப்பவை, முடிவெடுத்துச் செய்பவை அல்ல. ஸ்டாக்ஹோமில் வல்லுறவுக்கான அவசர மருத்துவ மையத்துக்கு வந்த 298 பெண்களிடம் நடந்த ஆய்வு 2017-இல் வெளியானது. அவர்களில் 70 விழுக்காட்டினர் குறிப்பிடத்தக்க அளவு உறைநிலையை அனுபவித்திருந்தனர். “ஏன் அப்பவே சொல்லல?” என்பது இரண்டாவது. குடும்பம், வேலை, செய்தவன் யார் என்பது எல்லாம் அதில் அடங்கும். பாலியல் குற்றத்தில் புகார் தாமதமானது என்பதற்காகவே வழக்கைச் சந்தேகிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் குர்மீத் சிங் வழக்கில் சொல்லியிருக்கிறது. இந்த இரண்டு பதிலையும் நடத்துபவர் துண்டுச்சீட்டில் எழுதி வைத்துக்கொண்டால் குரல் உயர்த்தாமல் சொல்லலாம்.

புத்தகம் எந்த ஆண்டில் நடந்ததைச் சொல்கிறது என்றும் பார்த்து வையுங்கள். பெண்ணுக்குப் பாலுறவுப் பழக்கம் உண்டா என்று பார்க்க மருத்துவர் விரலை நுழைத்துச் செய்யும் இரு விரல் சோதனை உரிமையை மீறுவது என்று உச்ச நீதிமன்றம் 2013-இல் சொன்னது. அதை நடத்துவோர் முறைகேடாக நடந்துகொண்டதாகவே கருதப்படுவர் என்று 2022-இல் சொன்னது. அதற்கு முந்தைய இந்தியத் தன்வரலாற்றில் அது வழக்கமான நடைமுறையாக வரக்கூடும்.

சிக்கலான கேள்வி வேறு: “இதெல்லாம் உண்மைதானா?” இதை அடக்கிவிட நினைக்காதீர்கள், ஏனென்றால் இதற்கு ஒரு முன்நிகழ்வு இருக்கிறது. அமெரிக்க எழுத்தாளர் ஆலிஸ் சீபோல்ட் 1981-இல் சைரக்யூஸில் தான் தாக்கப்பட்டதை 1999-இல் தன்வரலாறாக எழுதினார். அந்த வழக்கில் 16 ஆண்டுகள் சிறையிலிருந்தவரின் தண்டனையை நீதிமன்றம் 2021 நவம்பரில் ரத்து செய்தது. அடையாள அணிவகுப்பில் சீபோல்ட் காட்டியது வேறொருவரை. தண்டனை விதிக்கப்பட்டது நீதிமன்றத்தில் சீபோல்ட் இவரை அடையாளம் காட்டியதையும், பின்னாளில் நம்பத் தகாததாகிவிட்ட முடி ஆய்வையும் வைத்து. சீபோல்ட் மன்னிப்புக் கேட்டார், பதிப்பகம் புத்தக விநியோகத்தை நிறுத்தியது. தாக்குதல் நடந்ததை யாரும் மறுக்கவில்லை. யார் செய்தது என்பதில்தான் பிழை, அதையும் காவல்துறையும் அரசுத் தரப்பும் சேர்ந்தே வளர்த்தன. கூட்டத்திலும் இந்த இரண்டு கேள்வியையும் தனித்தனியாக வையுங்கள். சேர்த்துப் போட்டால் ஒரு அடையாளப் பிழை எல்லாப் பெண்களின் சொல்லையும் பொய்யாக்கிவிடும்.

யாராவது தன் கதையைச் சொல்லிவிட்டால்

புத்தகத்தைப் பற்றித் தொடங்கிய வாக்கியம் “எனக்கும்...” என்று முடியலாம். அறை அமைதியாகும். அமைதியை நிரப்ப அவசரப்படாதீர்கள். “சொன்னதுக்கு நன்றி. நம்புறோம்.” இது போதும். விவரம் கேட்காதீர்கள், ஒப்பிட்டு இன்னொரு கதை சொல்லாதீர்கள், கட்டிப்பிடிக்கப் பாயாதீர்கள், “போலீசுக்குப் போங்க” என்று தீர்மானித்துக் கொடுக்காதீர்கள். தேநீர் இடைவேளையை முன்னே இழுத்துவிட்டு, இரண்டாவது நடத்துநர் அவரிடம் தனியே என்ன வேண்டும் என்று கேட்கட்டும். மறுநாள் ஒருமுறை நலம் விசாரிக்கலாம், கதையைத் திரும்பக் கேட்காமல். பெண்கள் உதவி எண் 181, அவசரத்துக்கு 112, மனநல ஆலோசனைக்கு 14416. எண்களை எல்லோருக்கும் தரும் தாளில் அச்சடித்துவிட்டால் ஒருவரைத் தனித்துக் காட்ட வேண்டியிராது.

நடந்தது சமீபத்தில் என்றால் மணிநேரம் முக்கியம். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணிநேரத்துக்குள் தொடங்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. அவசரக் கருத்தடை மாத்திரையும் அப்படித்தான். அன்று அணிந்த துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் வைக்கச் சொல்லுங்கள். பிளாஸ்டிக்கில் ஈரம் தங்கித் தடயம் கெடும். அரசு மருத்துவமனையோ தனியாரோ, இலவசமாகச் சிகிச்சை தரச் சட்டப்படி கடமைப்பட்டவை.

18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர் சொன்னால் நிலைமை வேறு. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி, தெரியவந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை. கல்லூரி முதலாண்டு மாணவர்கள், பள்ளி மாணவர்கள் வரும் கூட்டமென்றால் இதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். பேசிய பிறகு தெரியவந்தால் அந்தப் பிள்ளைக்கு அது இரண்டாவது ஏமாற்று. குழந்தைகள் உதவி எண் 1098.

பிறகு எழுதும்போது

மதிப்புரை எழுதுபவர், இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சம்ஹிதையின் 72-ஆம் பிரிவைத் தெரிந்துகொள்ள வேண்டும். பாலியல் வல்லுறவுக்கு உள்ளானவரின் பெயரையோ அடையாளம் காட்டும் விவரத்தையோ வெளியிட்டால் இரண்டு ஆண்டு வரை சிறை, அபராதம். எழுதியவர் சொந்தப் பெயரில் வெளியிட்டிருந்தால் அந்தப் பெயரைச் சொல்லலாம். புனைபெயரில் வந்திருந்தால் “யாரென்று எனக்குத் தெரியும்” என்ற தொனிகூட வேண்டாம். புத்தகத்தில் வரும் தோழிக்கும் இதே பாதுகாப்பு உண்டு, அதைத்தான் பலரும் மறக்கிறார்கள். தண்டிக்கப்படாதவரின் பெயரை ஊகித்துச் சேர்த்தால் அவதூறு வழக்கு வரலாம். கூட்டத்தில் கேட்ட எதையும், பெயரை மாற்றிக்கூட, மதிப்புரையில் எழுதக் கூடாது. ஊர், வேலை, பேச்சு வழக்கு, இதில் ஏதாவது இரண்டு இருந்தாலே தெரிந்தவருக்குப் புரிந்துவிடும்.

எழுத்தாளருக்குக் கடிதம் எழுத விரும்பினால் ஒரு பக்கத்துக்குள் முடியுங்கள். “உங்கள் துணிச்சல்” என்பதை அவர் ஏற்கெனவே நிறையக் கேட்டிருப்பார். எந்தப் பக்கம், எந்த வரி, அது உங்களிடம் என்ன செய்தது என்று எழுதினால் அவருக்குப் புதிதாக ஏதாவது கிடைக்கும். விடுபட்ட விவரம் கேட்காதீர்கள், விட்டது தெரிந்தேதான். உங்கள் சொந்த அனுபவத்தை எழுதுவதாக இருந்தால் முதல் வரியிலேயே அதைச் சொல்லிவிடுங்கள், இன்றைக்குப் படிப்பதா நாளைக்கா என்று அவர் தீர்மானித்துக்கொள்ளட்டும். பதில் வேண்டியதில்லை என்று ஒரு வரி சேர்த்து, பதிப்பகத்தின் முகவரிக்கே அனுப்புங்கள்.