ஒரு குச்சி, ஒரு நூல், ஒரு நீண்ட இரவு: குளிர்காலக் கதிர்த்திருப்பத்தைக் குடும்பத்தோடு கொண்டாடுவது எப்படி?

வட அரைக்கோளத்தில் டிசம்பர் 21 அல்லது 22தான் ஆண்டிலேயே பகல் மிகக் குறுகிய நாள். பள்ளியில் குளிர்காலக் கதிர்த்திருப்பம் என்று படித்து, தேர்வு முடிந்த கையோடு மறந்துபோன அதே சமாச்சாரம். தென் அரைக்கோளத்தில் இருப்பவர்களுக்கு இந்த நாள் ஜூன் 20 அல்லது 21இல் வரும். அவர்கள் கீழே சொல்லியிருக்கும் வடக்கு, தெற்கை மட்டும் மாற்றிப் படித்துக்கொண்டால் போதும்.

இதைக் கொண்டாட அலங்காரப் பொருள் எதுவும் வாங்க வேண்டாம். அன்றைய விசேஷம் முழுக்க வானத்தில் நடக்கிறது. அதைக் குடும்பமாக உட்கார்ந்து பார்க்க ஏற்பாடு செய்வதுதான் நம் வேலை. தேவைப்படுகிறவை: ஒரு மீட்டர் நீளக் குச்சி, சாக்பீஸ், நூல், கோணமானி, வரைபடத் தாள், செல்லோடேப், கறுப்பு அட்டை, ஒரு செல்போன். ஆறு வயதுக் குழந்தை முதல் தாத்தா பாட்டி வரை எல்லோருக்கும் இதில் வேலை இருக்கிறது.

முதலில், நாளும் நேரமும்

சரியாக அந்த நாளில்தான் செய்ய வேண்டும் என்று பதற வேண்டாம். கதிர்த்திருப்பத்தை ஒட்டிய சில நாள்களில் சூரியனின் உச்சி உயரம் கிட்டத்தட்ட மாறுவதே இல்லை. மூன்று நாள் முன்னே பின்னே போனாலும் வித்தியாசம் ஒரு டிகிரியில் முப்பதில் ஒரு பங்குதான். குச்சி நிழலில் அது கண்ணுக்கே தெரியாது. அதனால் பக்கத்தில் வரும் விடுமுறை நாளைத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். மேகம் மூடினால் மறுநாள்.

நேரத்தில் மட்டும் கொஞ்சம் கறாராக இருங்கள். கடிகாரத்தில் 12 மணி ஆவதும் சூரியன் உச்சிக்கு வருவதும் பெரும்பாலும் ஒரே நேரத்தில் நடப்பதில்லை. உங்கள் ஊரின் சூரிய உதய, அஸ்தமன நேரங்களை வானிலைச் செயலியில் பார்த்து நடு நேரத்தைக் கண்டுபிடியுங்கள். உதயம் காலை 6:28, அஸ்தமனம் மாலை 5:46 என்றால் பகல் 11 மணி 18 நிமிடம். அதில் பாதி 5 மணி 39 நிமிடம். அதை 6:28உடன் கூட்டினால் 12:07. அதுதான் உங்கள் ஊரின் நண்பகல். இந்தக் கணக்கை நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளையிடமே கொடுத்துவிடுங்கள்.

நிழலை அளப்பது

ஒரே ஒரு காரியத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

வெயில் விழும் சமதளமான தரை வேண்டும். மொட்டை மாடியே போதும். ஒரு மீட்டர் குச்சியை மண் நிரப்பிய வாளியில் நட்டுக்கொள்ளலாம். ஆனால் அளக்க வேண்டிய உயரம் தரையிலிருந்து குச்சியின் நுனி வரை. வாளி உயரமும் அதில் சேர்த்தி. நிழலையும் குச்சிக்கு நேர் கீழே தரையில் இருக்கும் இடத்திலிருந்துதான் அளக்க வேண்டும். வாளி வைத்தால் அந்த இடம் வாளிக்கு அடியில் மறைந்துவிடும். அதனால் ஒருவர் குச்சியைத் தரையில் ஊன்றிப் பிடித்துக்கொள்வதே சுலபம். நூலில் ஒரு சாவியைக் கட்டித் தொங்கவிட்டால் தூக்குக்குண்டு ரெடி. அந்த நூலும் குச்சியும் ஒட்டி நிற்கிறதா என்று இரண்டு பக்கமிருந்தும் பாருங்கள். குச்சி லேசாகச் சாய்ந்தாலும் கணக்கு தள்ளிப் போய்விடும்.

நண்பகலுக்கு இருபது நிமிடம் முன்பே ஆரம்பியுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை நிழலின் நுனியில் சாக்பீஸால் புள்ளி வைத்து, பக்கத்தில் நேரத்தை எழுதுங்கள். நண்பகல் கழிந்து இருபது நிமிடம் வரை இது தொடரட்டும். இடையில் குச்சியின் அடி ஒரு இடத்திலேயே இருக்க வேண்டும், அங்கே ஒரு வட்டம் போட்டுவிடுங்கள். கடைசியில் எந்தப் புள்ளி குச்சியின் அடிக்கு மிக அருகில் இருக்கிறது என்று பாருங்கள். அந்தப் புள்ளியையும் அடியையும் இணைக்கும் கோடு வடக்கு தெற்காக ஓடும். காந்த ஊசி சில இடங்களில் பல டிகிரி விலகிக் காட்டும், இந்தக் கோடு காட்டுவது உண்மையான வடக்கு.

இப்போது சுவாரசியமான பகுதி. ஒரு மீட்டர் குச்சியின் நிழல் 74 சென்டிமீட்டர் வந்தது என்று வைத்துக்கொள்வோம். வரைபடத் தாளில் பத்தில் ஒரு பங்கு அளவில், 10 சென்டிமீட்டர் நிமிர்ந்த கோடும் 7.4 சென்டிமீட்டர் படுத்த கோடும் போட்டு, இரண்டு நுனிகளையும் இணைத்து ஒரு முக்கோணம் வரையுங்கள். நிழல் நுனி இருக்கும் மூலையில் கோணமானியை வையுங்கள். ஏறக்குறைய 53.5 டிகிரி வரும். அது சூரியனின் உயரம். 90இலிருந்து அதைக் கழித்தால் 36.5. அன்றைக்குச் சூரியன் நேர் உச்சியில் நிற்கும் இடம் நிலநடுக்கோட்டுக்கு 23.4 டிகிரி தெற்கே உள்ள மகர ரேகை. ஆகவே 36.5இலிருந்து 23.4ஐயும் கழித்துவிடுங்கள். மிச்சம் 13.1. நீங்கள் நிற்கும் இடத்தின் அட்சரேகை அதுதான். செல்போன் வரைபடத்தில் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு டிகிரிக்குள் வந்தால் நல்ல அளவை. இரண்டு டிகிரி தள்ளினாலும் கைதட்டலாம்.

கிரேக்க அறிஞர் எரடோஸ்தனீஸ் கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டதும் இதே நிழல் வித்தையால்தான். அவர் எடுத்துக்கொண்டது பகல் மிக நீண்ட நாளான கோடைக் கதிர்த்திருப்ப நாளை. அன்று நண்பகலில் எகிப்தின் தெற்கே சையீன் நகரில் சூரியன் நேர் உச்சியில் நின்றது. வடக்கே அலெக்சாந்திரியாவில் நிழல் 7.2 டிகிரி சாய்ந்திருந்தது. ஒரு முழு வட்டத்தில் அது ஐம்பதில் ஒரு பங்கு. அப்படியானால் இரண்டு ஊருக்கும் இடைப்பட்ட தூரத்தைப் போல ஐம்பது மடங்கு பூமியின் சுற்றளவு. உறவினர்கள் வேறு அட்சரேகையில் இருந்தால் அவர்களையும் தங்கள் ஊர் நண்பகலில் ஒரு மீட்டர் குச்சி நிறுத்தச் சொல்லுங்கள். நிலநடுக்கோட்டில் நிழல் 43 சென்டிமீட்டர் இருக்கும். 40 டிகிரி வடக்கில் இரண்டு மீட்டர்! வீடியோ அழைப்பில் இரண்டு நிழலையும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கும்போது பூமி உருண்டை என்பது தனியாக நிரூபிக்க வேண்டிய விஷயமாகவே இருக்காது.

கடைசியாக, நூலைக் குச்சியின் அடியிலிருந்து மிகக் குட்டையான நிழலின் நுனி வரை இழுத்துப் பிடித்து, சரியாக அந்த நீளத்துக்கு வெட்டி எடுத்து வையுங்கள். இது பின்னால் தேவைப்படும்.

ஜன்னல் வழியே வரும் வெயில்

தெற்குப் பார்த்த ஜன்னல் இருக்கும் வீட்டுக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். சூரியன் தாழ்வாக இருப்பதால் இந்த நாள்களில்தான் வெயில் வீட்டுக்குள் மிக ஆழமாக வரும். நண்பகலில் தரையில் விழும் வெளிச்சக் கட்டத்தின் உள் ஓரத்தில் செல்லோடேப் ஒட்டி, தேதியை எழுதுங்கள். மாதத்துக்கு ஒரு டேப் என்று ஒட்டிக்கொண்டே போனால் வெளிச்சம் ஜன்னலை நோக்கிப் பின்வாங்குவது தெரியும். வீடு துடைக்கும்போது டேப் போய்விடும், சுவர் ஓரமாக ஒரு பென்சில் கோடும் போட்டு வையுங்கள்.

இதையே கல்லில் கட்டி வைத்தவர்கள் இருக்கிறார்கள். அயர்லாந்தில் உள்ள நியூகிரேஞ்ச் என்ற கல்லறை மேடு கி.மு. 3200 வாக்கில் கட்டப்பட்டது. அதன் வாசலுக்கு மேலே ஒரு சிறு திறப்பு. கதிர்த்திருப்ப நாள்களின் விடியலில் மட்டும் சூரிய ஒளி அதன் வழியே நுழைந்து, 19 மீட்டர் நடைபாதையைக் கடந்து உள்ளறையைத் தொடும். 17 நிமிடம் வரை அந்த வெளிச்சம் இருக்கும். அங்கே அகழாய்வு செய்த மைக்கேல் ஓ’கெல்லி 1967 டிசம்பரில் உள்ளே காத்திருந்து இதைப் பார்த்தார். பிள்ளைகளிடம் ஒரு அட்டைப் பெட்டியைக் கொடுத்து, ஓரத்தில் சின்னத் திறப்பு வெட்டி, வெயில் எதிர்ச் சுவர் வரை போகும்படி திருப்பி வைக்கச் சொல்லுங்கள். அரை மணி நேரம் சத்தமே வராது.

“ஏன் இப்படி?” என்ற கேள்வி வந்தால்

வரும். குளிர்காலத்தில் சூரியன் தூரமாகப் போய்விடுகிறது என்று யாராவது பெரியவரே பதில் சொல்லிவிடுவார். உண்மை நேர் எதிர். பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரி முதல் வாரத்தில், ஏறக்குறைய 14.7 கோடி கிலோமீட்டர். ஜூலை தொடக்கத்தில்தான் மிகத் தூரம், 15.2 கோடி.

காரணம் பூமியின் சாய்வு. நிழல்மூடி இல்லாத விளக்கு ஒன்றை அறை நடுவில் வையுங்கள். தெர்மோகோல் பந்தில் ஒரு நீளமான ஊசியைக் குத்தி, செங்கோணத்தில் நாலில் ஒரு பங்கு அளவுக்குச் சாய்த்துப் பிடியுங்கள். ஊசியின் மேல்முனை எப்போதும் அறையின் ஒரே சுவரைக் காட்ட வேண்டும். விளக்கைச் சுற்றி நடக்கும்போது உடம்போடு சேர்ந்து ஊசியும் திரும்பிவிடும், அங்கேதான் எல்லோரும் கோட்டை விடுவார்கள். இன்னொருவர் சுவரையே பார்த்துக்கொண்டு “திரும்புது, திரும்புது” என்று குரல் கொடுக்கட்டும். மேல்முனை விளக்கை விட்டு விலகிச் சாயும் இடம்தான் டிசம்பர். அங்கே நின்று பந்தை மெதுவாகச் சுழற்றினால், மேல்பாதியில் வைத்த பேனா புள்ளி வெளிச்சத்தைவிட இருட்டில் அதிக நேரம் இருப்பது தெரியும். உச்சியை ஒட்டி வைத்த புள்ளிக்கு வெளிச்சமே வராது. 66.6 டிகிரிக்கு வடக்கே இருப்பவர்களின் கதை அது.

மாலை: சூரியன் மறையும் இடம்

இது சுலபம். ஒரே ஜன்னலில், ஒரே இடத்தில் நின்று, சூரியன் எந்தக் கட்டடத்துக்கு அல்லது மரத்துக்குப் பின்னால் இறங்குகிறது என்று படம் வரையுங்கள். அந்த ஆண்டில் அது தெற்கே போகும் கடைசி எல்லை அதுதான். சூரியனை நேராக உற்றுப் பார்க்க வேண்டாம், தொலைநோக்கியை அந்தப் பக்கமே திருப்ப வேண்டாம். மறைந்த பிறகு இடத்தைக் குறித்தால் போதும்.

“நாளையிலிருந்து சூரியன் லேட்டாக மறையுமா?” என்று கேட்பார்கள். ஏற்கெனவே அப்படித்தான் நடந்துகொண்டிருக்கிறது. மிகச் சீக்கிரமான அஸ்தமனம் கதிர்த்திருப்பத்துக்கு முன்பே வந்துவிடும், மிகத் தாமதமான உதயம் பிறகுதான் வரும். 40 டிகிரி வடக்கில் முன்னது டிசம்பர் முதல் வாரத்தில், பின்னது ஜனவரி முதல் வாரத்தில். நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க இந்த இடைவெளி கூடும். இந்த நாள்களில் நண்பகலே தினமும் அரை நிமிடம் போலத் தள்ளிப் போவதால் வரும் விளைவு இது. இரண்டையும் கூட்டிக் கழித்தால் மிகக் குறுகிய பகல் மட்டும் கதிர்த்திருப்ப நாளில்தான்.

இருட்டு நேரம்

அஸ்தமனத்துக்குப் பின் ஒரு மணி நேரம் வீட்டு விளக்குகளை எல்லாம் அணையுங்கள். தொலைக்காட்சியையும். மெழுகுவத்தி ஏற்றினால் திரைச்சீலையிலிருந்து தள்ளி வையுங்கள், பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே இருக்கட்டும். இந்த நேரத்தில் கூரையில் நட்சத்திரம் வரவழைக்கலாம்.

கறுப்பு அட்டையை ஒரு சாண் உயரக் குழாயாகச் சுருட்டி டேப் போடுங்கள். மேலே மூட ஒரு வட்டம் வெட்டுங்கள். அந்த வட்டத்தில் ஓரியன் குழுவின் ஏழு நட்சத்திரங்களை வரைய வேண்டும்: நடுவில் சாய்வாக வரிசை கட்டிய மூன்று, மேலே இரண்டு, கீழே இரண்டு. சின்னவற்றுக்குக் குண்டூசி. மேல் இடதில் இருக்கும் திருவாதிரைக்கும் கீழ் வலதில் இருக்கும் ரைஜலுக்கும் பென்சில் முனையால் கொஞ்சம் பெரிய ஓட்டை. வரைந்த பக்கம் உள்ளே, டார்ச்சைப் பார்த்தபடி இருக்க வேண்டும். வெளியே இருந்தால் கூரையில் படம் இடவலமாக மாறி விழும். செல்போன் டார்ச்சைப் போட்டு, அதன் மேல் குழாயை நிறுத்துங்கள். மெழுகுவத்தியோ பெரிய பல்போ இதற்கு ஆகாது. ஒளி சின்னப் புள்ளியிலிருந்து கிளம்பினால்தான் நட்சத்திரம் கூர்மையாக விழும்.

எட்டரை மணி வாக்கில் வெளியே போய்க் கிழக்கே பாருங்கள். அதே மூன்று நட்சத்திரங்கள் ஏறக்குறைய நிமிர்ந்து நிற்கும். இடப்பக்கம் சிவந்திருப்பது திருவாதிரை. மூன்றின் கோட்டை மேல்நோக்கி நீட்டினால் ரோகிணி, அதையும் தாண்டினால் கொத்தாகக் கார்த்திகை. கீழ்நோக்கி நீட்டினால் இரவு வானின் மிகப் பிரகாசமான நட்சத்திரமான சிரியஸ். அது 8.6 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. வீட்டில் எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளை இருந்தால், அவன் கண்ணில் இப்போது படும் ஒளி கிட்டத்தட்ட அவன் பிறந்த சமயத்தில் அங்கிருந்து கிளம்பியது. தென் அரைக்கோளத்து ஜூன் இரவில் ஓரியன் கிடைக்காது. அங்கே விருச்சிகமும் அதன் சிவந்த கேட்டையும் உயரத்தில் இருக்கும், குழாயில் அதை வரைந்துகொள்ளுங்கள்.

டிசம்பர் 22 வாக்கில் அர்சிட் என்ற எரிகல் பொழிவும் உண்டு. உச்சத்திலேயே மணிக்குப் பத்து போலத்தான். அதற்காகக் குழந்தைகளை நடு இரவில் எழுப்புவது வீண் என்பது என் கருத்து.

நூலை எடுத்து வைப்பது

வெட்டிய நூலை ஒரு உறையில் போட்டு, மேலே நான்கு விவரம் எழுதுங்கள்: தேதி, ஊர், குச்சியின் உயரம், குட்டையான நிழல் விழுந்த நேரம். குச்சி உயரத்தை எழுத மறந்தால் நூல் வெறும் நூல்தான். ஜூன் 21 வாக்கில் அதே உயரக் குச்சியை அதே இடத்தில் நிறுத்தி இன்னொரு நூல் வெட்டுங்கள். நண்பகல் நேரத்தை அன்றைக்குப் புதிதாகக் கணக்கிட வேண்டும். 40 டிகிரி வடக்கில் இரண்டு மீட்டர் நூலுக்குப் பக்கத்தில் 30 சென்டிமீட்டர் நூல் வரும். 13 டிகிரியில் 18 சென்டிமீட்டர்தான், அதுவும் டிசம்பரில் வடக்கே விழுந்த நிழல் ஜூனில் தெற்கே விழும். கடக ரேகைக்குத் தெற்கே, நிலநடுக்கோட்டுக்கு வடக்கே இருக்கும் எல்லா ஊருக்கும் இது பொருந்தும். அதனால் உறையில் ஐந்தாவதாக ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: நிழல் விழுந்த திசை.